மேல் வரிசையில் வைத்த படம்

வளவனூர் குமரேசன் உயிரோடுதான் இருக்கிறார். போன வாரமே சொல்லியாயிற்று என்றாலும், இந்த வாரம் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுவது நல்லது. அவர் செத்துப்போனதாகச் சொன்னது ஒரு பேனர். அந்தப் பேனரைச் செய்தவள் கலைப்பிரியா.

விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாண்டுரங்கனின் ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் அவள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அவள் கைதான். நம் பக்கத்துப் பேனர்களில் ஒரு முறை உண்டு. மேல் வரிசையில் இருப்பவர்கள் காலமானவர்கள். அவர்கள் படத்துக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரியும். கீழ் வரிசையில் இருப்பவர்கள் கும்பிட்டபடி வரவேற்பார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள். எழுத்துத் தெரியாதவர்கள்கூட இந்த வரிசையைப் படித்துவிடுவார்கள்.

குமரேசனின் தங்கை புனிதா தன் மகளுக்குக் காது குத்தினாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குமரேசன் சீர்த்தட்டோடும் மேளத்தோடும் மண்டபத்துக்கு வந்தார். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். செத்துப்போன அப்பாவுக்குப் பக்கத்தில், மேல் வரிசையில், விளக்கோடு அவர் படம் இருந்தது. மேளம் நின்றது. சீர் ஏற்றி வந்த வண்டி திரும்பிப் போனது. மூத்த அண்ணனும் தம்பியோடு கிளம்பிவிட, ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுதது.

வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே அப்படிப் போக முடியவில்லை. வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தகராறு வந்து, ரெண்டாவது அண்ணன் செத்துட்டான்னு நெனச்சிக்கிறேன் என்று புனிதா ஒருநாள் ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள். அது ஆறி, அவளே வீடு தேடிப் போய் அழைத்து, அவரும் மனசு இறங்கி வந்த நாள் அது. பேனரைப் பார்த்ததும், அழைத்ததே இதற்குத்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பேனர் அச்சுக்குப் போகும் முன் புனிதாவின் போனுக்கு வந்திருந்தது. மகளின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் சரி என்று போட்டிருந்தாள். அதுவும் அவளுக்கு எதிராகத் திரும்பியது.

குமரேசனின் ஆள் ஒருவர் கடைக்குப் போன் போட்டு விசாரித்தார். கஸ்டமர் சொன்னபடிதான் வைத்தோம் என்று பாண்டுரங்கன் சொல்லிவிட்டார். கடை தப்பித்தது. தங்கை மாட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த கலைப்பிரியா வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் அங்கே நின்றது.

இந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. திண்டிவனத்து வீட்டில் கலைப்பிரியாவின் மாமியார் கெங்கம்மாள் காலையிலிருந்தே முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் பானுப்ரியாவைப் பெண் பார்க்கச் சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்கு ஒரே மருமகள் லீவு போட மாட்டேன் என்கிறாள்.

மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனுக்குப் புதுச்சேரியில் வேலை. சொந்த ஊர் வளவனூர். ஊர்ப் பெயரை முதலில் கேட்டபோது கலைப்பிரியாவுக்கு உள்ளே ஏதோ இடறியது. ஊரென்றால் எத்தனையோ வீடு இருக்கும் என்று அதை அப்படியே விட்டுவிட்டாள்.

லீவு போட அவளால் முடியாது. பாண்டுரங்கன் தவணை கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், இன்னொரு தப்பு வந்தால் நீ லேமினேஷன் மேஜைக்குப் போய்விடு, கம்ப்யூட்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் அவள் வருஷக்கணக்கில் அதே கடையில் குந்தி உட்கார்ந்து பேனர் ஓரத்தில் கயிறு கட்டும் வளையம் அடித்தவள். முழங்கால் அதை இன்னும் மறக்கவில்லை.

"அத்தே, சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். வேலை முடியறவரைக்கும் போன் பாக்கமாட்டேன். அவசரம்னா கடை நம்பருக்குப் போடுங்க."

கெங்கம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "கலெக்டரம்மா. போன் பாக்கக்கூட நேரம் கெடையாது."

"அண்ணி கலெக்டரா இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் ரெண்டு கார்ல வந்திருப்பாங்க" என்றாள் பானுப்ரியா. கலைப்பிரியாவின் புருஷன் வல்லரசு சிரிக்கப் பார்த்து, அம்மாவின் முகத்தைக் கண்டு, ஷேர் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை கலைப்பிரியா ஒரே யோசனையில் இருந்தாள். படம் எப்படி மாறியது என்பது அவளுக்குத் தெரியும். இந்த ஒரு வாரமாக அவளைக் குடைந்தது வேறொன்று. அதற்கு முன்னால் எத்தனை தடவை மாறப் பார்த்துத் தப்பியிருக்கிறது என்பதுதான்.

அவள் கம்ப்யூட்டரில் எப்போதும் எல்லாம் திறந்தே கிடக்கும். டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்று, முகத்தை வெட்டி எடுப்பதற்கு இன்னொன்று, கடை வாட்ஸ்அப், அவள் சொந்த வாட்ஸ்அப், மெயில், பில் போடுவது, மூலையில் ஓடுகிற பாட்டு. டிங் என்றால் அங்கே போவாள். மறுபடி டிங் என்றால் வேறெங்கோ போவாள். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேடுவாள். அந்தத் தேடலை அவள் ஒருநாளும் வேலையாகக் கணக்கில் எடுத்ததில்லை. தலையில் செங்கல் வைத்துக்கொண்டு வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசினால் கல் இறங்கிவிடுமா. கழுத்துதான் நோகும். சாயங்காலத்தில் அவளுக்குக் கழுத்து நோவதற்கு நாற்காலிதான் காரணம் என்று நினைத்திருந்தாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், அதையே அவள் பெருமையாக வைத்திருந்தாள். நாலு வேலையை ஒரே கையில் பார்க்கிற பெண் என்று பாண்டுரங்கன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வாள்.

கடைக்குப் போனதும் போனை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினாள். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் இரண்டையும் வெளியேற்றினாள். மெயிலை மூடினாள், பில்லை மூடினாள், பாட்டை நிறுத்தினாள். திரை அகலமாக, அறுப்பு முடிந்த நிலம் மாதிரி கிடந்தது.

பாண்டுரங்கன் எட்டிப் பார்த்தார். "நெட்டு இல்லியா?"

"இருக்குதுணா. நான்தான் மூடினேன்."

கஸ்டமர் மெசேஜையெல்லாம் இனிமேல் கடை நம்பர் இருக்கிற அவர் போனிலேயே பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். ஒரு வேலைக்கான படங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மொத்தமாகக் கொடுத்தால் போதும். ஒன்றை முடித்து மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பாள். நடுவில் எதையும் கேட்க மாட்டாள், யாருக்கும் பதில் போட மாட்டாள்.

"உடனே பதில் போடலனா எதிர்க்கடைக்குப் போயிடுவானுங்க கலா."

"போறவங்க போகட்டும்ணா. இன்னைக்கு ஒருநாள் பாருங்க."

ஒருநாள்தானே, அதுவும் கடைசி நாளாக இருந்தாலும் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முனகிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு முழுக்க அந்தப் போன் ஓயவில்லை.

முதல் வேலை முகையூர் பக்கத்து மஞ்சள் நீராட்டு விழா. இருபதுக்கு மேல் முகங்கள். டிசைனைத் தொடுவதற்கு முன்னால் அவள் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அந்த வீட்டுக்குக் கடைப் போனில் ஒரே ஒரு தடவை பேசி, யார் மேலே யார் கீழே என்று கேட்டு, படத்தின் பெயரிலேயே எழுதிக்கொண்டாள். மேலே தாத்தா. மேலே பெரியம்மா. கீழே மாமா. முதலில் இது வீண் வேலை போல இருந்தது. கை பழக்கத்தில் டிராயர் பக்கம் போய்ப் போய் வந்தது. யாரும் கூப்பிடாமலே காதில் டிங் என்று கேட்டது. கொஞ்ச நேரம் போனதும் அது அடங்கியது.

பாதி முகங்கள் ஏறியிருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு. அவருடைய அக்கா விடியற்காலையில் இறந்துவிட்டாராம். மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் தெருமுனையில் இருக்க வேண்டும்.

பாண்டுரங்கன் வேகமாக உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். "அத அப்படியே வெச்சிட்டு இத ஜல்தியா போடு. சாவு வீட்டுக்காரரு நிக்கறாரு."

இதற்கு முன்னாலாக இருந்தால் அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருப்பாள். ஒரு பக்கம் பூப்பெய்திய பெண், ஒரு பக்கம் செத்த பெண்.

"பாத்தேன்ணா. இத முடிச்சி மூடிட்டு வர்றேன். அவர உக்காரச் சொல்லுங்க."

"இன்னா பேஜாரு பண்ற நீ. மனுசன் நெலமையப் பாரு."

அவள் திரும்பவில்லை. பாண்டுரங்கனின் மூச்சு கழுத்துக்குப் பின்னால் கேட்டது. வாசலில் நின்றவர்தான் இடையில் பேசினார்.

"அந்தப் பொண்ணு முடிக்கட்டும்பா. எங்க அக்காவுக்கு இனிமே இன்னா அவசரம்."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். அவள் மீதி முகங்களை ஏற்றினாள், மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள், சேமித்து மூடினாள். அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. பிறகு அவரைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தாள்.

அவர் கொடுத்தது ஏதோ ஒரு கல்யாணத்தில் கும்பலாக எடுத்த படம். அக்காவை மட்டும் தனியாக வெட்டி எடுக்கும்போது தோளில் ஒரு கை வந்தது. வழக்கமாக இதையெல்லாம் அவள் யோசிக்காமல் அழித்துவிடுவாள். இன்று கண் அங்கே நின்றது. அது யார் கை என்று கேட்டாள். என்னுதுதான் என்றார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்மா" என்றார்.

கை இருந்தபடியே பேனர் அச்சுக்குப் போனது.

அதன் பிறகு ஒரு கோயில் கும்பாபிஷேகம். அதையும் திறந்து, முடித்து, மூடினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாண்டுரங்கன், அஞ்சலிப் பேனர் போக மீதி இருந்த அன்றைய பேனர்களை எல்லாம் தரையில் விரித்துப்போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். பெயர்களைச் சத்தமாகப் படித்தார். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கும் இப்படியே மூடிக்கினு பண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. நாற்காலி அவளுடையது என்று அர்த்தம்.

அப்போதுதான் அவள் டிராயரைத் திறந்தாள்.

போன் நிறைய வீடு இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சாயங்காலம் வருவதற்குப் பதிலாக மதியமே வருவதாகச் சொல்லிவிட்டார்களாம். எங்க இருக்க என்று கெங்கம்மாள். போன எடு என்று வல்லரசு. கடை நம்பர் பிஸியாவே இருக்குது என்று மறுபடியும் வல்லரசு. வந்துட்டாங்க என்று பானுப்ரியா. கடைசியில் ஒரு படம். வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்குக் கீழே பானுப்ரியா எழுதியிருந்தாள்: எல்லாரும் கெளம்பிட்டாங்க அண்ணி. மாப்பிள்ளையோட சித்தப்பா மட்டும் உங்களப் பாத்துட்டுதான் போவேன்னு உக்காந்துக்கினு இருக்காரு.

கலைப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காதோரத்தையும் முன்நெற்றி முடியையும் மவுஸால் பிசிறில்லாமல் வெட்டி எடுத்தவள் அவள். சொந்தக்காரர்களுக்குக்கூட அந்த முகம் அவ்வளவு தெரிந்திருக்காது.

"அண்ணா" என்றாள். "குமரேசன் எங்க வீட்ல உக்காந்துக்கினு இருக்காரு."

"எந்தக் குமரேசன்?"

"நம்ம மேல வெச்ச குமரேசன்."

பாண்டுரங்கன் கையில் சுருட்டிக்கொண்டிருந்த பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு நிதானமாகவே பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கஸ்டமர் சொன்னாங்க, வெச்சோம். நான் அதத்தான் சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு. மாத்திச் சொன்னன்னா வளவனூர்லருந்து ஒரு பேனரு என் கடைக்கு வராது. அப்புறம் நீ நாளைக்கு வரவேணாம்."

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கிடைத்த நாற்காலி. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

திண்டிவனத்து வீட்டில் மின்விசிறிக்குக் கீழே குமரேசன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஹெல்மெட். மற்றவர்கள் காரில் போய்விட, இவர் தன் பைக்கில் வந்ததால் தனியாக இருக்க முடிந்தது. வல்லரசு எதிரில் உட்கார்ந்து பேச்சு எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தான். கெங்கம்மாள் மருமகளைச் சமையல்கட்டுக்குள் இழுத்து நடந்ததைச் சொன்னாள்.

பெண்ணைப் பிடித்துவிட்டதாம். கையோடு பூவும் வாங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு அத்தை முறையானவள்தான் பெண் தலையில் முதல் பூ வைக்க வேண்டும். அந்த அத்தை வரவில்லை. அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம். அவள் வந்தால் பூ, வராவிட்டால் அப்புறம் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டுப் போனாராம். பூவைத் தட்டில் வைத்து வாழை இலையால் மூடியிருந்தாள் கெங்கம்மாள். இலைமேல் தண்ணீர் தெளித்திருந்தாள்.

"எம் மருமவ விழுப்புரத்துல பாண்டுரங்கன் கடையில டிசைன் போடறாள்னு பெருமையா சொன்னேன்டி. உடனே இந்த மனுசன் மூஞ்சி மாறிப்போச்சு. காப்பியக்கூடத் தொடல. இன்னா பண்ணி வெச்ச?"

கலைப்பிரியா கூடத்துக்கு வந்தாள். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறுமனே கும்பிட்டாள். பேனரின் கீழ் வரிசையில் இருப்பவர்கள் மாதிரி.

குமரேசன் தன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மண்டப வாசலில் யாரோ எடுத்த படம். அவரும் அவர் அப்பாவும் விளக்குகளும்.

"பேனர எறக்கிட்டாங்கம்மா. ஆனா ஊர்ல எல்லார் போன்லயும் நான் இன்னும் செத்துதான் கெடக்கறேன்" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. எந்தங்கச்சி சொல்லி வெச்சியா?"

வல்லரசு பெண்டாட்டியைப் பார்த்தான். சமையல்கட்டு நிலைப்படியில் கெங்கம்மாளும் அவள் பின்னால், இன்னும் பட்டுப்புடவை மாற்றாத பானுப்ரியாவும் நின்றார்கள். ஆமாம் என்றால் நாற்காலி இருக்கும். தங்கை வர மாட்டாள், பூ அந்த இலைக்கடியிலேயே வாடும். இல்லை என்றால் நாற்காலி போகும். இந்தப் பெண்ணின் வீட்டில் இருந்துதான் அந்த அவமானம் வந்தது என்று தெரிந்த பிறகு, பூ மட்டும் மிஞ்சும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

"அவங்க சொல்லலைங்க" என்றாள். "நான்தான் மாத்தி வெச்சிட்டேன்."

"கடைக்காரரு வேற மாதிரி சொன்னாரே."

"கடைக்காக அப்படிச் சொன்னாரு."

குமரேசன் உடனே நம்பவில்லை. ஒருத்தன் முகத்துக்கும் அவன் அப்பன் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாதா, கண் இருக்கிறதல்லவா என்று கேட்டார். கேட்டது ஏசுவதற்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்று தோன்றியது. அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல ஏழெட்டு தெறந்து வெச்சிக்கினு இருந்தேங்க. உங்க அப்பா படத்த வெட்டி மேல வெச்சேன், வெளக்கும் வெச்சேன். அடுத்தது உங்க படத்த வெட்டி எடுத்தேன். கீழ வெக்கறதுக்குள்ள எங்க வீட்டு குரூப்ல மெசேஜ் வந்துது. அங்க போயிட்டேன். திரும்பி வந்தப்ப, வெளக்கு வெக்கற வேலையிலதான் இருந்தோம்னு நெனச்சிக்கினேன். உங்களுக்கும் ஒண்ணு வெச்சேன்."

குமரேசன் ஹெல்மெட்டை மடியில் திருப்பி வைத்தார்.

"அப்படி இன்னா மெசேஜும்மா அது? உசுரு போற சேதியா?"

கலைப்பிரியா கெங்கம்மாளைப் பார்த்தாள். கெங்கம்மாள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"பானு படம் ரெண்டு இருந்துது. தரகருக்கு எத அனுப்பறதுன்னு அத்தை கேட்டாங்க. பச்சைப் புடவையா, மெரூனான்னு."

"நீ எத அனுப்பச் சொன்ன?"

"பச்சைங்க."

குமரேசன் ஹெல்மெட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். நிலைப்படியில் நின்ற பானுப்ரியாவைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சைப் புடவைப் படம் மொதல்ல என் போனுக்குத்தான் வந்துது" என்றார். "நான்தான் பொண்ணு நல்லாருக்குதுன்னு எங்கண்ணங்கிட்ட கொண்டுபோய் காட்டனேன்."

ஆறிப்போன காப்பியை குமரேசன் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போனில் ஒரு பெயரைத் தேடி அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு கலைப்பிரியாவிடம் நீட்டினார்.

"எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. எனக்கும் கேக்க வாய் வராது."

அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். திரையில் புனிதா என்று இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. அதே நேரம் அவள் பையிலிருந்த போனும் அடிக்க ஆரம்பித்தது. வல்லரசு எடுத்துப் பார்த்து, "உங்க ஓனரு" என்றான், எடுக்கட்டுமா என்கிற மாதிரி.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாண்டுரங்கனின் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இந்த மணியும் ஓயப்போகிறது என்று குமரேசன் எழுந்திருக்கப் பார்த்தபோது, எதிர்முனையில் எடுத்தார்கள். பம்புசெட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"இன்னாணா, உசுரோடதான் இருக்கியா?"

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். கலைப்பிரியா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.